சோதனைக்கு ஒரு பை, பிரசவத்துக்கு ஒரு பை

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1920களிலிருந்து ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள், உரிமம் பெற்ற கருப்பின மருத்துவச்சிகள் தங்கள் பையைத் தூக்கிக்கொண்டு கவுண்டி சுகாதார நிலையத்துக் கூட்டங்களுக்குப் போக வேண்டியிருந்தது. (கவுண்டி என்பது நம்மூர் மாவட்டம் மாதிரி.) அங்கே ஒரு நர்ஸ், பெரும்பாலும் வெள்ளைக்காரப் பெண், பையைத் திறந்து பார்ப்பார். உள்ளே இருக்கும் வெள்ளை உறை துவைத்திருக்கிறதா? கத்தரிக்கோல், கொடி கட்டும் நாடா, குழந்தையின் கண்ணில் விடும் சில்வர் நைட்ரேட் சொட்டு மருந்து, பிறப்புப் பதிவுப் படிவம் எல்லாம் இருக்கிறதா? இருக்க வேண்டியது இல்லாவிட்டால் குற்றம். இருக்கக் கூடாதது இருந்தாலும் குற்றம். கூடாதது என்றால் பெரும்பாலும் அம்மாவும் பாட்டியும் சொல்லிக்கொடுத்த மூலிகையும் வேரும்தான். உரிமம் பறிபோக இது போதும்.

அதனால் மிசிசிப்பியில் சில மருத்துவச்சிகள் இரண்டு பை வைத்திருந்தார்கள். சோதனைக்கு ஒன்று, பிரசவத்துக்கு ஒன்று.

யார் இந்தப் பெண்கள்? அடிமைக் காலத்தில் தோட்டங்களில் கருப்பர் வீட்டுப் பிரசவத்தையும் வெள்ளையர் வீட்டுப் பிரசவத்தையும் பார்த்தவர்களின் பேத்திகள். டாக்டர் வராத ஊர்களுக்கு நடந்தே போனவர்கள். கூலி சில டாலர்கள், இல்லையென்றால் ஒரு கோழி, கொஞ்சம் காய்கறி, பல வீடுகளில் அதுவும் இல்லை. 'கிரானி', அதாவது பாட்டி, என்று இவர்களை அழைத்தார்கள். அன்பாகவும் சொன்னார்கள், இளக்காரமாகவும் சொன்னார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் நடந்த பிரசவங்களில் ஏறக்குறைய பாதி மருத்துவச்சிகள் கையில்தான் நடந்தன. வடக்கு நகரங்களில் அவர்கள் புலம்பெயர்ந்து வந்த ஏழைப் பெண்கள், தெற்கில் கருப்பினப் பெண்கள்.

அந்தப் பாதியின் மீதுதான் டாக்டர்களின் கண் விழுந்தது. "படிக்காதவர்கள், சுத்தமில்லாதவர்கள், தாய்மார்கள் சாகிறார்கள்" என்பது அவர்கள் சொன்ன காரணம். நம் வாசிப்பு வட்டங்களில் மாணவர்கள் இதைத்தான் கேட்கிறார்கள்: "அது நியாயமான கவலைதானே?" டாக்டர்களே எழுதிவைத்த ஆதாரத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பேராசிரியர் ஜே. விட்ரிட்ஜ் வில்லியம்ஸ் 120 மருத்துவக் கல்லூரிகளின் மகப்பேறியல் பேராசிரியர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். 43 பேர் பதில் எழுதினார்கள். 1912இல் அதை வெளியிட்டார். பேராசிரியர்களில் சிலரே மிகக் குறைந்த பிரசவங்களைப் பார்த்துவிட்டு அந்த வேலைக்கு வந்தவர்கள். சாதாரண டாக்டர்களிடம் பிரசவக் காய்ச்சலில் சாகும் பெண்களின் விகிதம் மருத்துவச்சிகளிடம் சாவதற்குக் குறைந்ததல்ல என்று பதில் எழுதியவர்களில் பெரும்பாலோர் ஒப்புக்கொண்டார்கள். இதற்குப் பிறகும் வில்லியம்ஸ் சொன்ன பரிந்துரைகளில் ஒன்று, மருத்துவச்சிகளைப் படிப்படியாக ஒழிக்க வேண்டும் என்பது!

அடுத்த ஆண்டு பிட்ஸ்பர்க் டாக்டர் சார்லஸ் ஜீக்லர் இன்னும் வெளிப்படையாகப் பேசினார். மருத்துவச்சிகள் ஆண்டுக்குச் சுமார் 50 லட்சம் டாலர் சம்பாதிக்கிறார்கள், அது டாக்டர்களுக்கு வர வேண்டிய பணம் என்றார். மருத்துவ மாணவர்கள் கைபழகத் தேவையான ஏழைப் பெண்களின் உடல்களும் மருத்துவச்சிகளிடம் போய் வீணாகின்றனவாம். அலபாமாவின் மான்ட்கோமரியில் 1840களில் மாரியன் சிம்ஸ் என்ற டாக்டர் அடிமைப் பெண்கள் மீது மயக்க மருந்து இல்லாமல் திரும்பத் திரும்ப அறுவை செய்து பழகியதையும் இங்கே நினைவில் வையுங்கள். 1915இல் சிகாகோவின் ஜோசப் டிலீ மருத்துவச்சியைக் காட்டுமிராண்டிக் காலத்தின் எச்சம் என்றார். 1933இல் நியூயார்க் மருத்துவ அகாடமி அந்த நகரத்தில் நடந்த பிரசவ மரணங்களை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. மூன்றில் இரண்டு பங்கு தடுத்திருக்கக்கூடியவை, அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு டாக்டர்களே பொறுப்பு என்று வந்தது. அதற்காக யாரும் டாக்டரின் பையைத் திறந்து பார்க்கவில்லை.

வடக்கில் மருத்துவச்சிகளை வேகமாக ஒழித்தார்கள். தெற்கில் அது முடியவில்லை. கருப்பினக் குடிசைக்குப் பிரசவம் பார்க்கப் போக வெள்ளை டாக்டர் தயாராக இல்லை, மருத்துவமனைகளோ நிறவெறியால் பிரிந்து கிடந்தன. எனவே, டாக்டர் கிடைக்கும்வரை இவர்களை வைத்துக்கொள்வோம், ஆனால் கண்காணிப்போம் என்று மாநில அரசுகள் முடிவு செய்தன. 1921இல் வந்த ஷெப்பர்ட்-டவுனர் சட்டம் இதற்குப் பணம் கொடுத்தது. பயிற்சி வகுப்பு, ஆண்டுதோறும் உரிமம், ரத்தப் பரிசோதனை, வெள்ளைச் சீருடை, பைச் சோதனை எல்லாம் இந்த ஏற்பாட்டில் வந்தவை.

இதில் நல்லதும் இருந்தது என்பதை நாம் மறைக்கத் தேவையில்லை. கை கழுவுவது, கொதிக்க வைத்த கத்தரிக்கோல், கண் மருந்து, இவை குழந்தைகளைக் காப்பாற்றின. பல மருத்துவச்சிகள் ஆர்வமாகக் கற்றார்கள். கிராமங்களில் பிறப்பைப் பதிவு செய்ததும், கர்ப்பிணிகளைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனதும் அவர்களே. ஜார்ஜியாவின் ஆல்பனி நகரைச் சேர்ந்த மேரி கோலி என்ற மருத்துவச்சியை வைத்து அரசே 1953இல் 'ஆல் மை பேபீஸ்' என்ற பயிற்சிப் படத்தை எடுத்தது. அவ்வளவு திறமைசாலிகள் என்று அரசுக்கே தெரியும்.

தெரிந்தும் ஏன் ஒழித்தார்கள்? எங்கள் வாசிப்பில் முக்கியமான ஆண்டு 1965. அந்த ஆண்டு மெடிக்கெய்ட் வந்தது, அதாவது ஏழைகளின் மருத்துவச் செலவை அரசே டாக்டருக்குக் கொடுக்கும் திட்டம். அதுவரை காசு கொடுக்க முடியாதவள் என்று திருப்பி அனுப்பப்பட்ட கருப்பினத் தாய், இப்போது பில் போடக்கூடிய நோயாளி ஆனாள். சம உரிமைப் போராட்டத்தின் பலனாக மருத்துவமனைக் கதவுகளும் அதே ஆண்டுகளில்தான் திறந்தன. அது நம் தோழர்கள் ரத்தம் சிந்திப் பெற்ற வெற்றி, அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் தாயை உள்ளே விட்ட கதவு மருத்துவச்சியை உள்ளே விடவில்லை. அவளுக்கு அங்கே துடைப்பமும் பெட்பேனும் தவிர வேறு வேலை வைத்திருந்தார்களா?

அலபாமாவில் 1976இல் சட்டம் வந்தது. நர்சிங் படிக்காத மருத்துவச்சிகளுக்குப் புது உரிமம் இல்லை, இருந்த உரிமங்களும் ஒவ்வொன்றாக முடிக்கப்பட்டன. கிரீன் கவுண்டியின் மார்கரெட் சார்லஸ் ஸ்மித் 3,000க்கும் மேற்பட்ட பிரசவங்கள் பார்த்தவர். ஒரு தாயைக்கூடப் பறிகொடுக்காதவர் என்று பெயர் பெற்றவர். அவரையும் நிறுத்தச் சொன்னார்கள். மொபீல் நகரத்தின் ஆனி லீ லோகன் வெள்ளையர் வீட்டில் வீட்டுவேலை செய்துகொண்டே பிரசவம் பார்த்தவர். அவருடைய உரிமம் 1984இல் முடிந்தது.

2021இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிறப்புகளுக்குக் கருப்பினத் தாய்மார்களின் மரணம் 69.9, வெள்ளையரில் 26.6. மருத்துவச்சிகள் போனதால்தான் இது என்று சொல்லிவிட முடியாது. அலபாமாவின் பல கிராமப்புறக் கவுண்டிகளில் இன்று பிரசவம் பார்க்கும் மருத்துவமனையே இல்லை என்பதை மட்டும் சேர்த்துப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு நம்மூர் மருத்துவச்சியைப் புகழ்ந்து கவிதை எழுதக் கிளம்பும் தோழர்களிடம் ஒரு வார்த்தை. இங்கே 'மருத்துவச்சி' என்ற சொல் பல ஊர்களில் நாவிதர் சமூகத்துப் பெண்ணைக் குறித்தது. வட இந்தியாவில் தொப்புள்கொடி அறுப்பது பெரும்பாலும் தலித் பெண்கள் மீது சுமத்தப்பட்ட சாதித் தொழில். தீட்டு என்று மற்றவர்கள் தொட மறுத்ததை அவர்கள் செய்ய வேண்டியிருந்தது. 1950களில் தொடங்கி உத்தரப்பிரதேசத்திலும் பீகாரிலும் தலித்துகள் செத்த மாட்டை அகற்ற மாட்டோம், கொடி அறுக்க மாட்டோம் என்று மறுத்தார்கள். 'நாரா-மவேசி' போராட்டம் என்று அதற்குப் பெயர். நாரா என்றால் கொடி, மவேசி என்றால் மாடு. மறுத்தவர்களை ஆதிக்க சாதியினர் அடித்தார்கள். அலபாமாவில் அந்த வேலையை விடமாட்டேன் என்றது மானம். உத்தரப்பிரதேசத்தில் அதே வேலையைச் செய்யமாட்டேன் என்றதும் மானம். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் இரண்டு வரலாறும் கெடும்.

2018இல் இந்திய அரசு மருத்துவச்சி சேவைக்கான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. நர்சிங் படித்தவர்களுக்கு 18 மாதப் பயிற்சி. தலைமுறையாகக் கொடி அறுத்த பெண்ணின் மகள் அந்த வகுப்புக்குள் எத்தனை ஊர்களில் போகிறாள் என்று உங்கள் மாவட்டத்தில் விசாரித்து எழுதுங்கள். நாங்களும் எங்கள் மாவட்டத்தில் கேட்கத் தொடங்கியிருக்கிறோம்.