கண்ணாடி வார்ப்புகள்: தமிழ் மேடைக்கு வந்த அமெரிக்கக் குடும்பம்

தோட்டத்து நாடகம் என்றதும் பொந்தியான் வட்டாரப் பெரியவர்களுக்குக் கோயில் திருவிழா மேடையும், புராணக் கதையும், கடைசிக் காட்சியில் திருந்திவிடும் குடிகார அப்பாவும்தான் நினைவுக்கு வரும். யாருமே திருந்தாத, கல்யாணமும் நடக்காத ஒரு வீட்டுக் கதையையும் தமிழ்க் கலைஞர்கள் மேடையேற்றியிருக்கிறார்கள். அது அமெரிக்காவில் பிறந்த கதை.

டென்னஸி வில்லியம்ஸ் எழுதிய ‘தி கிளாஸ் மெனாஜரி’ 1944 டிசம்பரில் சிகாகோவில் அரங்கேறியது. அடுத்த ஆண்டு மார்ச்சில் நியூயார்க் சென்று பெரும் வெற்றி கண்டது. இதைத் தமிழில் ‘கண்ணாடி வார்ப்புகள்’ என்ற பெயரில் மேடைக்குக் கொண்டு வந்தது, இலங்கையில் 1978ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட தமிழ் அவைக்காற்று கலைக் கழகம். நெறியாள்கை க. பாலேந்திரா. பிறமொழி நாடகங்களைத் தமிழுக்குக் கொண்டு வருவதில் பெயர் பெற்ற குழு இது. பிரெக்டின் நாடகம் ஒன்றை ‘யுகதர்மம்’ என்றும், லோர்காவின் நாடகம் ஒன்றை ‘ஒரு பாலை வீடு’ என்றும் மேடையேற்றியது. பின்னர் லண்டனைத் தளமாகக் கொண்டு இயங்கியது.

கதை 1930களின் செயிண்ட் லூயிஸ் நகரில், நெருக்கமான அடுக்குமாடி வீடு ஒன்றில் நடக்கிறது. அப்பா எப்போதோ குடும்பத்தை விட்டுப் போய்விட்டார். சுவரில் அவர் படம் மட்டும் இருக்கிறது. அம்மா அமாண்டா தொலைபேசியில் பத்திரிகைச் சந்தா பிடிக்கிறார். மகன் டாம் காலணிக் கிடங்கில் வேலை செய்து வீட்டைக் காப்பாற்றுகிறான். மகள் லாராவுக்குக் கால் சற்று ஊனம். கூச்சம் அதைவிடப் பெரிய ஊனம். தட்டச்சு வகுப்புக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பூங்காவில் சுற்றுவாள். வீட்டில் அவளுக்குத் துணை, கண்ணாடியில் செய்த குட்டி விலங்குகள்.

மகளுக்கு ஒரு மாப்பிள்ளை வேண்டும் என்பதே அம்மாவின் ஒரே கவலை. டாம் தன்னோடு வேலை செய்யும் ஜிம்மை விருந்துக்கு அழைத்து வருகிறான். வீடு ஒட்டடை அடிக்கப்படுகிறது, புதுத்துணி வருகிறது. பெண் பார்க்கும் படலம் எப்படியிருக்கும் என்று தமிழ்ப் பார்வையாளருக்கு விளக்க வேண்டியதில்லை. விருந்து நேரத்தில் மின்சாரம் போய்விடுகிறது. மின்கட்டணப் பணத்தை டாம் கப்பல் தொழிலாளர் சங்கத்தில் சேரக் கட்டிவிட்டிருக்கிறான். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் லாரா மனம் திறந்து பேசத் தொடங்கும்போதுதான், ஜிம்முக்கு ஏற்கெனவே வேறு பெண் நிச்சயமாகியிருப்பது தெரிகிறது.

டாம் கடைசியில் அப்பாவைப் போலவே கிளம்பிவிடுகிறான். கூத்தில் வரும் கட்டியக்காரனைப் போல அவனே அவ்வப்போது பார்வையாளரிடம் நேராகப் பேசிக் கதை சொல்கிறான். ஓடிப் போனவன் சொல்லும் கதை என்பதால் இதில் நியாயமும் குற்ற உணர்ச்சியும் கலந்தே வருகின்றன. பிள்ளைகள் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட, வயதான தாயும் உடல்நலம் குன்றிய சகோதரியும் தனித்திருக்கும் வீடுகளை ஜொகூர் அறியும். அவர்களில் பலர் மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறார்கள் என்பது வேறு விஷயம்.

வில்லியம்ஸ் வெறும் கற்பனையில் எழுதவில்லை. அவரும் செயிண்ட் லூயிஸில் காலணி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அவருடைய அக்கா ரோஸுக்கு மனநோய்க்காக 1943இல் மூளை அறுவை சிகிச்சை செய்யப்பட்டது. அதன்பின் அவர் வாழ்நாள் முழுவதும் பிறர் பராமரிப்பிலேயே இருந்தார்.

தமிழ்த் தலைப்பு அழகானதுதான், ஆனால் மூலத்தில் உள்ள ‘விலங்குக் கூட்டம்’ என்ற பொருள் அதில் விடுபட்டுவிடுகிறது. கொம்புள்ள கண்ணாடிக் குதிரை கீழே விழுந்து, கொம்பு உடைந்து, மற்றக் குதிரைகளைப் போல ஆகிவிடுவதுதான் நாடகத்தின் உயிரான காட்சி.

வேலை முடிந்து ஒத்திகைக்குக் கூடும் சிறு குழுக்களுக்கு இது ஏற்ற நாடகம். நடிகர் நால்வர், வீடு ஒன்று. காட்சி மாற்றத்துக்கு ஒளியே போதும். சிரமம் அமாண்டா பாத்திரத்தில் இருக்கிறது. நச்சரிக்கும் அம்மாவாக மட்டும் நடித்தால் கைதட்டல் எளிதில் கிடைக்கும், நாடகம் போய்விடும். தன் இளமையில் ஒரே பிற்பகலில் 17 பேர் தன்னைத் தேடி வந்ததாக அவர் பெருமையடிக்கும்போது, பயமும் தெரிய வேண்டும்.

மேடையேற்ற நினைப்பவர்கள் முதலில் உரிமை பெற வேண்டும். மலேசியச் சட்டப்படி பதிப்புரிமை, எழுதியவர் மறைந்த பிறகும் 50 ஆண்டுகள் நீடிக்கும். வில்லியம்ஸ் மறைந்தது 1983இல். மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பாளரின் அனுமதி தனியாகத் தேவை.