செமோரில் தேனீ வளர்ப்பு: மழை மாதங்களில் கூட்டைக் காப்பது எப்படி?

பனி பெய்யும் நாடுகளில் தேனீ வளர்ப்போருக்குக் குளிர்காலம்தான் பெரிய சோதனை. செமோர், ஈப்போ வட்டாரத்தில் அந்தச் சோதனை மழையாக வருகிறது. ஏப்ரல், மே மாதங்களிலும் பிறகு அக்டோபர், நவம்பரிலும் பிற்பகல் மழை அடுத்தடுத்துக் கொட்டும்போது தேனீக்கள் வெளியே போக முடியாது. பூக்களில் ஊறும் மதுவும் மழைநீரோடு கரைந்துவிடும். கூட்டில் சேமிப்பு இருந்தால் பிழைக்கும். மழைக்கு முன் கடைசிச் சொட்டுவரை நாம் எடுத்துவிட்டால் பட்டினிதான்.

அந்தச் சேமிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்வது எளிது. பால்மரம் ஆண்டுக்கொரு முறை இலை உதிர்த்துத் துளிர்க்கும். பால் வரத்து குறையும் காலம் அது. அந்தப் புதுத் துளிரில் மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் உண்டு. அவற்றில் இனிப்பு நீர் கசியும். வெட்டுக்காரருக்குக் கை குறைந்த காலம், தேனீக்கு அறுவடைக் காலம்! தமிழ்நாட்டில் கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேனுக்குப் பேர்போனது இந்த ரப்பர் மரங்களால்தான். அங்கே 1920களில் ஒய்.எம்.சி.ஏ.யைச் சேர்ந்த ஸ்பென்சர் ஹாட்ச் கிராம மக்களிடையே பெட்டியில் தேனீ வளர்ப்பதைப் பரப்பினார். 1990களின் தொடக்கத்தில் புழுக்களைக் கொல்லும் வைரஸ் நோய் ஒன்று அப்பகுதியில் ஏராளமான கூடுகளை அழித்தது. அதன் பிறகும் தொழில் மீண்டது.

பேராக்கில் பால்மரம் போய்ச் செம்பனை வந்த இடங்களில் கதை வேறு. செம்பனையில் தேனீக்கு மகரந்தம் கிடைக்கும், மது கிடைக்காது. ஆகவே தாமான் வீட்டில் வளர்ப்பவர் தம் வேலியோரத்தையே நம்ப வேண்டும். தென்னை, முருங்கை, துளசி, நட்சத்திரப்பழ மரம், ஆயர் மாதா பெங்கந்தின் கொடி ஆகியவை நல்ல துணை. கூடு வாங்குமுன் கொடியை நடுங்கள்.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஏற்றது கெலுலுட். தமிழ்நாட்டில் கொசுத்தேனீ என்பார்களே, அதே இனத்தார். கொட்டாது, ஆனால் கூட்டைத் தொந்தரவு செய்தால் தலைமுடிக்குள் புகுந்து கடிக்கும், அதுவும் எரிச்சல்தான். கொட்டும் அடுக்குத் தேனீக்கு உணவு குறைந்தால் ஒரே நாளில் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும். கெலுலுட் அப்படி எளிதில் ஓடாது, ஏனெனில் முட்டையிடும் ராணி வயிறு பருத்துப் பறக்க முடியாமல் இருக்கும். ஓடாது என்பதாலேயே பட்டினியில் உள்ளேயே மெலிந்து சாகும் என்பதை மறக்கக் கூடாது. கூட்டை உரிமம் உள்ள வளர்ப்பாளரிடமோ நம்பகமானவரிடமோ வாங்குங்கள். வனத்துறை அனுமதியின்றிக் காட்டு ஒதுக்கீட்டில் மரத்தை வெட்டிக் கூடு எடுப்பது குற்றம்.

கெலுலுட் தேனை அடையில் அல்ல, மெழுகும் பிசினும் கலந்து கட்டிய சிறு குடங்களில் சேர்க்கும். மூடிய குடங்களில் மட்டும் துளையிட்டுச் சிறு பம்பால் உறிஞ்சுங்கள். மழை மாதம் நெருங்கும்போது பாதிக்கு மேல் தொடாதீர்கள். குடம் உடைந்து தேன் வழிந்தால் எறும்பு வரும். அதைவிட மோசமானது முதுகு கூனிய சிறு ஈ. அது முட்டையிட்டால் புழுக்கள் கூட்டையே தின்றுவிடும். எனவே வேலை முடிந்ததும் பெட்டியின் இடுக்குகளை டேப் ஒட்டி அடைத்துவிடுங்கள்.

தொடர்ந்து பல நாள் மழையானால் சர்க்கரையும் நீரும் சம அளவு கலந்து, மிதக்கக் குச்சிகள் போட்டுப் பெட்டிக்குள் வைக்கலாம். அந்த நாட்களில் தேன் எடுக்கக் கூடாது. எடுத்தால் அது சர்க்கரைப் பாகு. பெட்டி தரையிலிருந்து உயரமாகவும், சாரல் படாமலும், பிற்பகல் வெயில் விழாமலும் இருக்கட்டும். தகரக் கூரை போட்டால் அடியில் பலகை வையுங்கள்.

தாமான்களில் டெங்கிக் கொசுவுக்கு அடிக்கும் புகை தேனீயையும் கொல்லும். அறிவிப்பு வந்தால், இருட்டித் தேனீக்கள் திரும்பிய பிறகு வாசலில் வலை கட்டிப் பெட்டியை ஈரத் துணியால் மூடுங்கள். புகை அடங்கியதும் திறந்துவிட வேண்டும். நீண்ட நேரம் அடைத்தால் உள்ளே வெப்பத்தில் செத்துவிடும்.

கெலுலுட் தேன் புளிப்பாகவும் நீர்த்தும் இருப்பதால் கலப்படம் என்று சிலர் சந்தேகிப்பதுண்டு. அதன் இயல்பே அது. 2017இல் வந்த மலேசியத் தரநிர்ணயம் எம்எஸ் 2683, 35 விழுக்காடு வரை ஈரத்தை அனுமதிக்கிறது. நொதித்துக் காற்று கிளம்பும் என்பதால் போத்தலை நிரம்ப ஊற்றாமல் குளிர்பெட்டியில் வையுங்கள். மெதுவாகச் செரிக்கும் டிரெஹாலுலோஸ் என்னும் சர்க்கரை இத்தேனில் இருப்பதை 2020இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அதற்காக நீரிழிவு மருந்தை நிறுத்திவிட்டுத் தேன் குடிப்பது ஆபத்து. ஒரு வயது ஆகாத குழந்தைக்கு எந்தத் தேனையும் நாக்கில் தடவக் கூடாது. பாட்டி சொன்னாலும் சரி.