அரைக் கழஞ்சுப் பொன்: எண்ணாயிரம் கல்வெட்டும் உயர்கல்வி மாணவரின் பிழைப்பும்

எண்ணாயிரம் கல்வெட்டுக்குத் தமிழகக் கல்வி வரலாற்றில் நிலையான இடம் தந்தவர்களில் முதன்மையானவர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி. 1935இலும் 1937இலும் இரண்டு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய 'சோழர்கள்' நூல் எண்ணாயிரத்தையும் திரிபுவனையையும் கல்லூரிகளாகவே காட்டியது. பின்வந்த பாடநூல்கள் அந்தச் சொல்லைக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொண்டன. கல்லூரி என்று வைத்ததும் கல்வெட்டில் உள்ளோர் ஆசிரியர், மாணவர் என இரு வகையாகிவிடுகிறார்கள். 14 ஆசிரியர், 340 மாணவர் என்று எழுதிவிட்டு மேலே போய்விடலாம். இந்தப் பகுப்பு கல்வெட்டுக்குள் இல்லை என்பதே என் வாதம். கல்வெட்டு போடும் கோடு வேறோரிடத்தில் விழுகிறது.

எண்ணாயிரம் இன்றைய விழுப்புரம் மாவட்டத்து ஊர். அன்று ராஜராஜச் சதுர்வேதிமங்கலம். ஆவணம் முதலாம் ராஜேந்திரன் காலத்தது. 1025 என்ற ஆண்டைப் பலரும் உறுதியாக எழுதுகிறார்கள். கங்கைகொண்டசோழன் பெயரால் ஒரு மண்டபம் அதில் குறிக்கப்படுவதால் கங்கைப் படையெடுப்புக்கு முன்னால் அதைக் கொண்டுபோக முடியாது. அந்த எல்லைக்கும் ராஜேந்திரன் ஆட்சி முடிந்த 1044க்கும் இடையில் என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை.

இளநிலையில் 270 பேர். இருக்கு வேதத்துக்கு 75, யசுர் வேதத்துக்கு 75, சந்தோக சாமத்துக்கும் தலவகார சாமத்துக்கும் வாஜசனேயத்துக்கும் தலா 20, அதர்வத்துக்கு 10, போதாயனத்துக்கு 10, ரூபாவதாரம் என்னும் இலக்கண நூலுக்கு 40. முதுநிலையில் 70 பேர்: வியாகரணம் 25, பிரபாகர மீமாம்சை 35, வேதாந்தம் 10. இளையவனுக்கு நாள்தோறும் ஆறு நாழி நெல். மூத்தவனுக்கு ஒரு குறுணி இரு நாழி, அதாவது பத்து நாழி. இவற்றுக்காக ஒதுக்கிய நிலம் 45 வேலி.

இதுவரை சாஸ்திரியோடு எனக்கு வேறுபாடில்லை. பொன்னுக்கு வரும்போதுதான் வழி பிரிகிறது.

பொன் நிறுக்கும் அளவான கழஞ்சில், ஆண்டுக்கு 61½ கழஞ்சுப் பொன் ஒதுக்கப்பட்டது. அது எப்படிப் பிரிகிறது என்று கூட்டிப் பார்க்க வேண்டும். வியாகரணம் சொல்பவருக்கு அத்தியாயத்துக்கு ஒரு கழஞ்சு. பாணினியின் நூலுக்கு எட்டு அத்தியாயம், எனவே எட்டு. மீமாம்சைக்கும் அதே விகிதம். பன்னிரண்டு அத்தியாயம், பன்னிரண்டு கழஞ்சு. மீதி 41½. வேதாந்த ஆசிரியரை நீக்கிய பதின்மூன்று ஆசிரியருக்குத் தலைக்கு அரைக் கழஞ்சு என்றால் ஆறரை. எஞ்சிய 35 கழஞ்சு 70 முதுநிலை மாணவருக்குத் தலைக்கு அரை. கணக்கு மிச்சமில்லாமல் முடிகிறது.

ஆசிரியருக்கு அரைக் கழஞ்சு, முதுநிலை மாணவனுக்கும் அதே அரைக் கழஞ்சு, இளையவனுக்கு ஒன்றுமில்லை. பொன் பெறுவோர், நெல் மட்டும் பெறுவோர் என்றுதான் ஊர்ச் சபை ஆட்களைப் பிரித்தது. முதுநிலை மாணவன் நின்றது ஆசிரியர் பக்கத்தில். அவனை 340க்குள் கரைத்துவிட்டால் இந்த ஆவணத்தின் மிகக் கூர்மையான முடிவு மறைந்துபோகிறது. வேதாந்த ஆசிரியருக்குப் பொன் விலக்கப்பட்டும் வேதாந்தம் படித்த பதின்மருக்கு அது விலக்கப்படவில்லை. எழுபதில் பத்தைக் கழித்தால் ஐந்து கழஞ்சு இடிக்கும், 61½ வராது. வேதாந்தத்தைக் கூலிக்குச் சொல்லக்கூடாது என்ற தயக்கம் சொல்பவரோடு நின்றுவிட்டது. படிப்பவனுக்குக் கையில் காசு வேண்டும் என்பதில் சபைக்குத் தயக்கமே இருக்கவில்லை.

நெல்லிலும் இதற்கு ஒரு சாடை தெரிகிறது. இங்கே சான்று மெலிதுதான் என்றாலும் வாதத்தை விட எனக்கு மனமில்லை. சோழர் காலக் கோயில் கணக்குகளில் ஐந்து நாழி நெல்லுக்கு இரண்டு நாழி அரிசி என்ற விகிதம் பரவலாக வருகிறது. எண்ணாயிரத்திலும் அதுவே நடைமுறையில் இருந்தது என்று கொண்டால், முதுநிலை மாணவனின் பத்து நாழி நெல் பின்னமில்லாமல் நான்கு நாழி அரிசி ஆகிறது. இளையவனின் ஆறு நாழி, இரண்டு நாழியும் சில்லறையும். மூத்தவனுக்கு இரட்டை வயிறு கிடையாது. கூடுதல் நெல் எண்ணெய்க்கும் துணிக்கும் ஓலைக்கும் மாற்றிக்கொள்ள, ஒருவேளை வீட்டில் இன்னொருவருக்குச் சோறிட. அவர்களில் பலர் மணமானவர்கள் என்று நிறுவ இது போதாது. ஆனால் உண்ணும் அளவை மீறிய படி, தவறாத பொன் இரண்டும் சேர்ந்து ஒரு பிழைப்பைக் காட்டுகின்றன. சாஸ்திரி பாடத்திட்டத்தைப் பார்த்தார். அதே வரிகளில் குடும்பக் கணக்கும் இருக்கிறது.

புதுச்சேரி–விழுப்புரம் சாலையில் உள்ள திரிபுவனையின் கல்வெட்டு முதலாம் ராஜாதிராஜனின் முப்பதாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது, 1048. 72 வேலி நிலம், 12 ஆசிரியர், 260 மாணவர். இங்கும் முதுநிலை மாணவர் 70 பேர்தான். எண்ணாயிரத்து எழுபது இங்கே மறுபடி வருவது தற்செயலா, சபைகள் பின்பற்றிய ஓர் அளவுகோலா என்று இரண்டு சான்றுகளை வைத்துச் சொல்லிவிட முடியாது. எண்களைவிட ஒரு நிபந்தனையே இங்கே முக்கியம்: ஆசிரியரும் மாணவரும் ஊர் வாரியப் பணியிலிருந்து விலக்கப்பட்டனர். சாஸ்திரி இதைக் குறிக்கிறார், குறித்துவிட்டுக் கடந்துவிடுகிறார். கடந்துபோகும் செய்தி அல்ல இது. ஏரியையும் தோட்டத்தையும் பார்க்கும் வாரியம் ஆண்டு முழுதும் நேரத்தைத் தின்னும். ஊரில் மதிப்பும் தரும். அதிலிருந்து மாணவனை விலக்குவதென்றால், அதில் அமரும் வயதும் தகுதியும் அவனுக்கு இருந்தன என்று பொருள். சிறுவனுக்கு யாரும் விலக்கு எழுதமாட்டார்கள். எண்ணாயிரத்துப் பொன்னிலிருந்து நான் ஊகித்த வளர்ந்த மாணவன் திரிபுவனையில் நேராகவே தெரிகிறான். படிப்பு முடிந்தபின் அவன் வாரியத்துக்குத் திரும்பினானா என்பது திறந்த கேள்வி.

மூன்றாவதான திருமுக்கூடல் கல்வெட்டை விரைவாகச் சொல்லிவிடலாம். வீரராஜேந்திரனின் ஐந்தாம் ஆண்டு. அவன் அரியணையேறிய கணக்கைப் பொறுத்து 1067 அல்லது 1068. மாணவருக்கு உணவு, படுக்கப் பாய், இரவு விளக்குக்கு எண்ணெய், ஆண்டின் 51 சனிக்கிழமைகளுக்குத் தலைக்கு எண்ணெய், நோய் வந்தால் 15 படுக்கை கொண்ட வீரசோழன் ஆதுலர்சாலை. விடுதி, மருத்துவம் என்று இன்று நாம் தனித்தனியே போராடிக் கேட்பவை அங்கே ஒரே பட்டியலில் இருக்கின்றன.

இந்த ஏற்பாடுகள் அனைத்தும் பிராமண மாணவருக்கு மட்டுமே. 45 வேலியிலும் 72 வேலியிலும் நாற்று நட்டவர்களின் பிள்ளைகளுக்கு அந்த மண்டபத்தில் இடமில்லை. இதை ஓர் அடிக்குறிப்பாக ஒதுக்கும் எழுத்துகளோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தக் கதவு மெல்லத்தான் திறந்தது. சைவ மடங்கள் தமிழ் படிக்க வந்தவருக்குச் சோறும் தங்க இடமும் கொடுத்தன. திருவாவடுதுறையில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ. வே. சாமிநாதையர் படித்த 1870களின் ஆண்டுகள் மடத்துச் சாப்பாட்டில் நடந்தவை. அங்கும் எல்லாச் சாதிக்கும் இடமிருந்ததாகச் சொல்ல முடியாது.

1920இல் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி கல்லூரி வளர்ந்து 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஆயிற்று. விடுதியில் தங்கிப் படிக்கும் பல்கலைக்கழகம் நடுநாட்டுப் பிள்ளைகளுக்கு எட்டும் தொலைவில் வந்தது அப்போதுதான். நிதி நெருக்கடிக்குப் பின் 2013இல் அரசு அதன் நிர்வாகத்தை ஏற்றது. ஆனால் ஆய்வு மாணவர் நடுவே விழுந்துள்ள பிளவு பல்கலைக்கழகம் போட்டதல்ல. தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு உதவித்தொகை வென்றவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். அதை வெல்லாதவருக்கு மத்தியப் பல்கலைக்கழகத்தில் 8,000. அந்த 8,000 ரூபாயும் மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்கு இல்லை. மத்தியப் பல்கலைக்கழகங்களிலேயே அதை நிறுத்தப் பல்கலைக்கழக மானியக் குழு 2015 அக்டோபரில் முனைந்தபோது தில்லியில் அதன் அலுவலகத்தை மாணவர்கள் முற்றுகையிட்டார்கள். எண்ணாயிரத்தில் எழுபது பேருக்கும் அரைக் கழஞ்சு. இங்கே ஒரே நெறியாளரிடம் ஒரே ஆண்டில் சேர்ந்த இருவரில் ஒருவருக்கு 37,000, மற்றவருக்குச் சுழி. மானியக் குழுவின் 2022 விதிகள் ஆய்வாளருக்கு வாரம் நான்கு முதல் ஆறு மணி நேரம் கற்பித்தல் அல்லது ஆய்வுத் துணைப் பணி தரலாம் என்கின்றன. ஆசிரியத் தொழிலுக்குப் பழக அது நல்ல வாய்ப்பு. படி இல்லாதவருக்கோ அது கூலியில்லா வேலை.

படி இல்லாதவர் எதைக் கொண்டு படிக்கிறார்? வளையமாதேவி பக்கத்தில் விடை வயலில் இருக்கிறது. சேத்தியாத்தோப்புக்கு அருகே, சிதம்பரத்துக்குப் பேருந்தில் போய்வரும் தொலைவில் உள்ள மேல்வளையமாதேவியும் கீழ்வளையமாதேவியும் நெல் ஊர்கள். சம்பா அறுவடைப் பணம்தான் பல வீடுகளில் கல்லூரிக் கட்டணம், விடுதிப் பணம், ஆய்வேட்டுச் செலவு. 2023 ஜூலை 26 அன்று நெய்வேலி நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி. தன் இரண்டாம் சுரங்கத்துக்காகப் பரவனாற்று மாற்றுக் கால்வாய் வெட்ட, கதிர் வரும் பயிர் மேல் மண்வெட்டும் இயந்திரங்களை இறக்கியது. நிலம் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தியது என்றது நிறுவனம். இழப்பீடும் வேலையும் போதவில்லை என்றார்கள் விவசாயிகள். அந்தத் தகராறில் பேசப்பட்டவை ஏக்கருக்கு எவ்வளவு, வீட்டுக்கு ஒருவருக்கு வேலை உண்டா என்ற இரண்டு கணக்குகளே. நெல்லை நம்பி நான்கைந்து ஆண்டு ஆய்வில் இறங்கிய பிள்ளையின் படி எந்தக் கணக்கிலும் வரவில்லை. நிலம் கொடுத்த வீட்டில் ஆராய்ச்சி மாணவர் இருந்தால், ஆய்வேடு ஒப்படைக்கும் வரை அவருக்கு மாதப் படியை அந்த நிறுவனமே தர வேண்டும். தேர்வில் வென்றவரா வெல்லாதவரா என்று பார்க்காமல் தர வேண்டும்.