பார்வையும் பதிவேடும்: நாய்க்குட்டி விற்போர் மீதான அரச நலப் பரிசோதனை பற்றி ஊவாவிலிருந்து ஒரு மறுவாசிப்பு

நாய்களைப் பெருக்கிக் குட்டி விற்போரை இலங்கை அரசு எவ்வாறு கண்காணிக்க வேண்டும் என்பது குறித்த எழுத்துகள் பெரும்பாலும் ஒரே தடத்திலேயே செல்கின்றன. 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் வதை நடந்த பிறகே விழிக்கிறது, அதன் உச்சத் தண்டப்பணம் 100 ரூபாய், குட்டி வணிகத்தைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சட்ட ஆணைக்குழு 2006இல் வரைந்த விலங்கு நலச் சட்டமூலமோ ஆட்சிகள் மாறியும் வரைவாகவே நெடுங்காலம் கிடந்தது. ஆகவே அனுமதிப்பத்திரமும் போதிய பரிசோதகர்களும் வந்துவிட்டால் நாய்களின் நிலை திருந்தும் என்று அவ்வெழுத்துகள் முடிக்கின்றன. முன்கூற்றுகளை நான் ஏற்கிறேன். முடிவை ஏற்கவில்லை. அம்முடிவுக்குச் சான்றாக மீண்டும் மீண்டும் காட்டப்படும் ஆவணமே அதற்கு எதிராகப் பேசுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அந்த ஆவணம், ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் தலைமைப் பரிசோதகர் அலுவலகம் 2010 மே மாதம் வெளியிட்ட கணக்காய்வு அறிக்கை. அனுமதிப்பத்திரம் பெற்ற நாய் வணிகர்களுள் சிக்கலானவர்களை அத்திணைக்களம் எவ்வாறு பரிசோதித்தது என்பதை அது ஆராய்கிறது. பரிசோதகர் தொகையும் போதாது, தண்டனையும் போதாது என்பதற்கான சான்றாகவே அதை வழமையாக வாசிக்கிறார்கள். தண்டனையைப் பொறுத்தவரை அந்த வாசிப்பு சரி. விதிக்க வேண்டிய தொகை கழிவுகள் கொடுத்துக் குறைக்கப்பட்டதை அறிக்கை கண்டிக்கிறது. பரிசோதகர் தொகை குறித்து எனக்குத் தெரிவது வேறு.

2006 முதல் 2008 வரையான நிதியாண்டுகளில், விதி மீறிய 4,250 பேர் மறுபரிசோதனைக்கு உட்பட்டனர். அவர்களுள் 2,416 பேர் மீண்டும் மீறியிருந்தனர். இந்த எண்ணைப் பரிசோதனைப் பற்றாக்குறையின் அளவாகக் கொள்வது கடினம். மீறல் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது, அதிகாரி திரும்பி வந்திருக்கிறார், இரண்டாம் முறையும் கண்டிருக்கிறார். இத்தனைக்குப் பிறகும் பாதிக்கு மேற்பட்டோர் மாறவில்லை என்றால் வருகையின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் என்ன கிடைக்கும்?

ஒக்லஹோமா சம்பவம் இதை மேலும் தெளிவாக்குகிறது. அங்கே ஒரு வணிகர்மீது 29 மீறல்கள் பதிவாகியிருந்தன. அவற்றுள் 9 முன்பே சுட்டப்பட்டவை. 2007 நவம்பரில் பரிசோதகர் மறுபடி சென்றபோது ஐந்து நாய்கள் இறந்து கிடந்தன. பட்டினியில் தவித்த மற்றவை இறந்தவற்றைத் தின்றிருந்தன. அப்போதும் உயிரோடிருந்த நாய்கள் உடனே கைப்பற்றப்படவில்லை. அனுமதிப்பத்திரம் இரத்தாவதற்குள் மேலும் 22 நாய்கள் மாண்டன. இந்தப் பகுதியை வாசிக்கும் எவருக்கும் நெஞ்சு கனக்கும். ஆனால் ஆய்வாளர் அங்கேயே நின்றுவிடக் கூடாது. அந்த 22 நாய்களும் அரசின் கண்ணுக்கு மறைவாகச் சாகவில்லை. அரசு நேரில் சென்று, பார்த்து, எழுதிக்கொண்டு திரும்பிய பிறகு செத்தன.

கண்டதற்கும் செய்ததற்கும் இடையே எது நுழைந்தது? இரண்டு காரணங்களை அறிக்கை தருகிறது. தண்டிப்பதைவிட வணிகருக்குக் கற்பித்துத் திருத்துவதே பயன் தரும் என்று நிறுவனம் நம்பியது. மீண்டும் மீண்டும் மீறியவர்மீதும் அந்த நம்பிக்கையே செலுத்தப்பட்டது. இரண்டாவது, என் பார்வையில் கனமானது, எழுத்தின் குறை. கணக்காய்வாளர்கள் உடன்சென்று பார்த்த 19 பரிசோதகர்களுள் 6 பேர், நாயை நேரடியாகப் பாதிக்கும் மீறல்களையோ திரும்ப நிகழும் மீறல்களையோ முழுமையாகவும் சரியாகவும் பதிவு செய்யவில்லை. படமும் சான்றும் போதாமையால் விசாரணையில் திணைக்களத்தின் தரப்பு வலுவிழந்ததையும் அறிக்கை குறிக்கிறது. நேரடி மீறலைச் சாதாரண மீறலாக எழுதினால் அடுத்த வருகை தள்ளிப்போகிறது. திரும்ப நிகழ்ந்ததைப் புதியதாக எழுதினால் வணிகர் முதற் குற்றவாளியாகிவிடுகிறார். ஆகவே தோல்வி பார்வையில் நேரவில்லை, பதிவில் நேர்ந்தது. 2017 பெப்ரவரியில் அதே திணைக்களம் பரிசோதனை அறிக்கைகளைத் தன் இணையத்தளத்திலிருந்து நீக்கியபோது எழுந்த எதிர்ப்பும், பின்னர் அமெரிக்கக் காங்கிரஸ் அவற்றை மீளவைக்கச் சட்டம் செய்ததும், பதிவின் மதிப்பை அங்குள்ளோர் பட்டறிந்ததைக் காட்டுகின்றன. இந்த அறிக்கை ஒரு நாட்டுக்கும் ஒரு காலத்துக்கும் உரியது என்பதை மறக்கவில்லை. என் முடிவு அதன்மேல் மட்டும் நிற்கவில்லை.

இந்தியச் சான்று இதே திசையைக் காட்டுகிறது. நீதியரசர் ஏ.பி.ஷா தலைமையிலான சட்ட ஆணையத்தின் 261ஆம் அறிக்கை 2015 ஆகஸ்டில் வந்தது. நாய் வளர்ப்பு, விற்பனை குறித்த விதிகள் 2017 மே 23இல் அறிவிக்கப்பட்டன. அதே நாளில் வந்த கால்நடைச் சந்தை விதிகள் எழுப்பிய புயலில் இவற்றை யாரும் ஊன்றிப் படிக்கவில்லை. படித்தால் ஒன்று தெரியும். 18 மாதம் நிரம்பாத பெட்டையை இணைசேர்க்கக் கூடாது, ஒரு பெட்டை வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் ஈனக் கூடாது, எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக் கூடாது என்பன போன்ற முதன்மையான காப்புகள் எதையும் ஒருநாள் வருகையில் கண்ணால் அறிய முடியாது. பெட்டை ஐந்தாம் முறை ஈன்றதா ஆறாம் முறையா என்பதை அதன் மடியைப் பார்த்துச் சொல்வதற்கில்லை. அதைச் சொல்லக்கூடியது நுண்சில்லு எண்ணோடு பிணைத்த ஈற்றுப் பதிவேடு ஒன்றுதான். விதிகள் பதிவேட்டையும் ஆண்டறிக்கையையும் கோருகின்றன. ஆனால் இரண்டையும் எழுதுபவர் வளர்ப்பாளரே.

கூண்டின் தூய்மை, தண்ணீர்த் தொட்டி, நிழல் ஆகியவற்றைப் பார்ப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தேயிலைத் தொழிற்சாலைக்குச் சான்றிதழ்ப் பரிசோதகர் வரும் நாள் முன்கூட்டியே தெரிந்தால் அன்று தரை எப்படிப் பளபளக்கும் என்பதைப் பதுளைத் தோட்டங்களில் வேலை செய்தோருக்கு விளக்கத் தேவையில்லை. அரசே வளர்ப்பாளராக இருந்தால் நிலைமை திருந்தும் என்போருக்குச் சைதாப்பேட்டை மறுமொழி தருகிறது. நாட்டு இனங்களைக் காக்கவென்று தமிழக அரசு அங்கே நடத்திய நாய் இனப்பெருக்க மையத்தை மூடும்படி 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. இராஜபாளையம், சிப்பிப்பாறை என்ற பெயர்களின் பெருமை அங்கிருந்த நாய்களைக் காக்கவில்லை.

இனி ஊவா. மொனராகலை, பதுளை மாவட்டங்களில் குட்டி விற்பனை பெரிய கூடங்களில் நடப்பதைவிட வீட்டு முற்றத்தில் இரண்டு மூன்று பெட்டைகளோடு நடப்பதே வழக்கம் என்பது நான் கண்ட அளவில் உண்மை. அமெரிக்கச் சட்டம் நான்கு அல்லது அதற்குக் குறைந்த ஈனும் பெட்டைகள் வைத்திருப்போரை விட்டுவிடுகிறது. அந்த எல்லையை இங்கே கொண்டுவந்தால் ஏறத்தாழ எவரும் அகப்படமாட்டார். 2018இன் இங்கிலாந்து ஒழுங்குவிதிகள் பன்னிரண்டு மாதத்தில் மூன்று ஈற்று என்று கணக்கிடுவது நமக்குப் பொருத்தம், ஏனெனில் அது முற்றத்தின் அளவைக் கேளாமல் பெட்டையின் உடலுக்கு நேர்வதைக் கேட்கிறது. தெருநாய்ப் பிரச்சினை இருக்கும்போது இது எதற்கு என்ற ஆட்சேபம் பழையது. விலைபோகாத குட்டியும் ஈன்று ஓய்ந்த பெட்டையும் எங்கே விடப்படுகின்றன என்று கேட்டாலே அதற்கு விடை கிடைத்துவிடும்.

கால்நடை வளர்ப்பு மாகாண சபை நிரலுக்கு உரியது. ஆயினும் 2014இல் தெரிவான ஊவா மாகாண சபையின் காலம் 2019இல் முடிந்தது, அதன்பின் நீண்ட காலம் தேர்தல் இல்லாமையால் நியதிச்சட்ட வழி அடைபட்டது. எஞ்சியிருப்பவை உள்ளூராட்சி மன்றங்கள். நாய்களைப் பதியும் பொறுப்பு 1901ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திலிருந்தே நடைமுறையில் உள்ளது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் துணைவிதி ஆக்கும் அதிகாரத்தைத் தருகிறது. விசர்நோய்த் தடுப்பூசி ஏற்றும்போது நாயைக் கையில் பிடித்துப் பார்க்கும் அரச ஊழியர் ஏற்கனவே இருக்கிறார். எனவே புதிய பரிசோதகர் படை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. குட்டி விற்பவர் ஒவ்வொரு ஈற்றையும் பிறந்த இரு வாரத்துக்குள் அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் தாயின் எண்ணோடு பதிய வேண்டும், அந்த எண் இல்லாத குட்டியை விற்பனைக்கு விளம்பரப்படுத்தக் கூடாது என்று ஒரு துணைவிதி போதும். பலர் பதியமாட்டார்கள் என்பார்கள். பதியாமை தன்னளவில் குற்றமாகும்போது, வதையை நிரூபிக்க முடியாத இடத்திலும் பதியாமையை நிரூபிக்கலாம்.

ஒன்றை மட்டும் அந்தப் பதிவேட்டிலிருந்து விட்டுவிடக் கூடாது என்று வற்புறுத்துகிறேன். பிறந்த குட்டிகளின் எண்ணிக்கைக்கு அருகில், எட்டு வாரத்துக்குள் இறந்தவற்றின் எண்ணிக்கைக்கும் ஒரு நிரல் வேண்டும். அதை நிரப்புபவர் வளர்ப்பாளராக இருக்கக் கூடாது. எட்டாவது வாரத்தில் எஞ்சிய குட்டிகளை எண்ணி, அந்த அலுவலகத்தின் கால்நடை வைத்தியரே கையொப்பமிட்டு நிரப்ப வேண்டும்.