மூளையைப் படிக்காமலே காப்பாற்றிய உயிர்கள்



மூளையின் அலைகளை அளந்து, யார் தன்னுயிரை மாய்க்கக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லலாம் என்ற செய்திகளை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். அப்படி ஒரு கருவி வந்தால் நல்லதுதான். ஆனால் அதுவரை கைகட்டி இருக்கத் தேவையில்லை என்பதை நம் நாட்டு வரலாறே சொல்கிறது.

1924இல் ஜெர்மனிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவுசெய்தார். வலிப்பு நோயைக் கண்டறிய அது பேருதவியானது. மனத்துயரின் ஆபத்தைக் கணிப்பது அவ்வளவு எளிதாகவில்லை. ஐம்பது ஆண்டுகளில் வந்த 365 ஆய்வுகளைத் தொகுத்து, 2017இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு முடிவுக்கு வந்தார்கள்: எந்த அடையாளத்தை வைத்துக் கணித்தாலும், அது நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடச் சற்றே மேல்.

இனி இலங்கைக்கு வருவோம். 1995இல் இங்கே இலட்சம் பேருக்கு 47 பேர் தம்முயிரை மாய்த்தார்கள். உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் அதுவும் ஒன்று. அந்த ஆண்டு முதல் மிகக் கொடிய கிருமிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டன. 1998இல் உயிர்மாய்க்க முயல்வது குற்றம் என்ற சட்டப்பிரிவும் நீக்கப்பட்டது. அதன்பின் உதவி கேட்டு வருபவர் பொலிஸுக்கு அஞ்ச வேண்டியதில்லை. இருபது ஆண்டுகளில் விகிதம் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. சுமார் 93,000 உயிர்கள் தப்பின என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள்.

யாருடைய மூளையையும் யாரும் படிக்கவில்லை. அந்தக் கொடிய வேளை பெரும்பாலும் விரைவில் கடந்துபோகும். அப்போது நஞ்சு கைக்கு எட்டாவிட்டால் மனிதன் பிழைக்கிறான். பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் பிறகு வாழவே செய்கிறார்கள்.

கொத்மலையில் இது நம் வீட்டு விடயம். தேயிலைத் தோட்டமும் மரக்கறித் தோட்டமும் உள்ள ஊரில் களைநாசினிப் போத்தல் லயத்து மூலையிலோ அடுப்படியிலோ கிடக்கக் கூடாது. பூட்டி வைப்போம், சாவி பெரியவர் கையில் இருக்கட்டும்.

பரீட்சைப் பெறுபேறு வரும் நாட்களில் பிள்ளையின் முகத்தைப் பார்ப்போம். "சாக வேணும் போல இருக்கா மகன்?" என்று நேராகவே கேட்போம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. பேச வழி திறக்கும். "மார்க்கத்தில் ஹராம்" என்று மட்டும் சொல்லி வாயை அடைக்காமல், முதலில் காது கொடுப்போம். நமக்கோ நம்மவருக்கோ தாங்க முடியாவிட்டால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம்.

அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக.