சேர்ந்து நீந்தும் விந்தணுக்கள்

இன்றைய தலைப்பைப் பார்த்துச் சிலர் முகம் சுளிக்கலாம். இந்தச் சங்கடம் எனக்கு மட்டும் வந்ததல்ல. ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லேவன்ஹூக், தானே தேய்த்துச் செய்த லென்ஸ் வழியாக விந்துத் துளியில் வாலாட்டி நீந்தும் சிறு உயிர்களைப் பார்த்தது 1677-இல். அதை லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதும்போது மிகவும் தயங்கினார். அருவருப்பாகத் தோன்றினால் வெளியிடாமல் விட்டுவிடுங்கள் என்ற மாதிரி கடிதத்தில் கேட்டுக்கொண்டார். நல்ல வேளை, வெளியிட்டார்கள்.

அதற்குப் பிறகும் நூற்றைம்பது வருஷத்துக்கு மேல், இவை விந்தில் வாழும் ஒட்டுண்ணிகள் என்று நினைத்தவர்கள் உண்டு. 1841-இல் கோலிக்கர்தான் இவை நம் உடம்பின் செல்களிலிருந்தே உருவாகின்றன என்று காட்டினார். பிறகு வந்தது நாமெல்லாம் படித்த பந்தயக் கதை. கோடிக்கணக்கில் ஓடும், ஒன்று ஜெயிக்கும், மற்றதெல்லாம் வீண்.

அந்தக் கதைக்குப் பொருந்தாத ஒன்றை 1893-லேயே ஒருவர் எழுதி வைத்துவிட்டார். அன்று ஜெர்மனியில் இருந்த, இன்று போலந்தில் உள்ள பிரெஸ்லாவ் நகரத்து லியோபோல்ட் அவுவர்பாக். டாக்டர்களுக்கு இந்தப் பெயர் பழக்கம். நம் குடல் சுவரில் உள்ள ஒரு நரம்பு வலை இவர் பெயரில்தான் இருக்கிறது. குளங்களில் வாழும் பெரிய நீர்வண்டு ஒன்றின் விந்தை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். விந்தணுக்கள் தனித்தனியாக இல்லை. இரண்டிரண்டாகத் தலையோடு தலை ஒட்டிக்கொண்டு ஜோடியாக நீந்தின. சில வருஷம் முன்பு, 1887-இல், செலென்கா என்பவர் அமெரிக்க ஒப்போசத்திலும் இதே ஜோடியைக் கண்டிருந்தார். எப்படி என்று எழுதினார்கள், சரி. எதற்காக?

பூச்சிகளில் இந்தக் கேள்விக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. நான் விலங்கியல் நடத்திய காலத்தில், கரப்பான்பூச்சியை அறுத்துப் பெண்ணின் விந்துகொள்பையைக் காட்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அவ்வளவு சின்னது. "இதுக்குள்ள எதுக்கு சார் சேத்து வைக்கணும்?" என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. பெண் பூச்சி விந்தைச் சேமித்து வைத்துக்கொண்டு, முட்டையிடும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழிக்கிறது. ராணி எறும்பு இளமையில் ஒருமுறை பெற்றதை வைத்தே ஆயுள் முழுக்க முட்டையிடும். ஆகவே விந்தணுவுக்கு முதல் வேலை முட்டையைப் பிடிப்பதல்ல, அந்தப் பையில் இடம் பிடிப்பது.

ஒரே பெண்ணிடம் பல ஆண்கள் சேர்ந்தால்? 1970-இல் ஜெஃப் பார்க்கர் என்ற ஆங்கிலேயர், சாணத்தில் மொய்க்கும் மஞ்சள் ஈக்களைக் கவனித்து, வெவ்வேறு ஆண்களின் விந்தணுக்களுக்குள் பெண்ணின் உடம்புக்குள்ளேயே போட்டி நடக்கிறது என்று விரிவாக எழுதினார். அப்படியென்றால் ஒரு தகப்பனின் விந்தணுக்கள் ஒரு கட்சியாகச் சேர்வதில் லாபம் உண்டு.

கேட்டாக்ளிஃபிஸ் என்ற பாலைவன எறும்பில் இது அழகாகத் தெரிகிறது. ஐம்பது முதல் நூறு விந்தணுக்கள் கட்டாகச் சேர்ந்து, தனியாக நீந்துவதைவிட வேகமாக நீந்துவதாக 2014-இல் எழுதினார்கள். இங்கே சண்டைக்குக் காரணமே இல்லை. ஆண் எறும்பு கருவுறாத முட்டையிலிருந்து பிறப்பது. அதற்கு அப்பா கிடையாது. அதனால் அதன் விந்தணுக்கள் எல்லாம் அச்சு அசலாக ஒரே மாதிரி. எது ஜெயித்தாலும் ஒன்றுதான்.

ஆனால் அவுவர்பாக்கின் நீர்வண்டில் அப்படியில்லை. அங்கே ஒவ்வொரு விந்தணுவும் வேறு. கடைசியில் முட்டைக்குள் ஒன்றுதான் போகும், ஆனாலும் கைகோத்தே வருகின்றன. நீர்வண்டுக் குடும்பத்தில் வேறு சில இனங்களில் ஜோடியோடு நிற்பதில்லை. கல்யாணப் பந்தியில் டம்ளர் அடுக்குவது போல ஒன்றன் தலை மேல் ஒன்று சொருகி நீளமான அடுக்காகிவிடும். 2012-இல் டான் ஹிக்கின்சன் குழுவினர் பல இன நீர்வண்டுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பெண்ணின் உள்வழியின் அமைப்பு முதலில் மாறுகிறது, விந்தணுவின் வடிவம் அதன் பின்னால் மாறுகிறது என்பது அவர்கள் கண்டது. முந்நூறு வருஷத்துக்கு மேல் எல்லோரும் ஓடுகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாதை போட்டது பெண் வண்டு.