குருதியியல் நிபுணர் ஊதியம் (வன்னி, இலங்கை)

குருதி நோய்களை ஆய்வுகூடத்தில் கண்டறியும் வைத்திய நிபுணர்கள் குருதியியல் நிபுணர்கள் எனப்படுவர். எம்.பி.பி.எஸ். முடித்தபின் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தில் பயிற்சி பெற்று இத்தகுதியை அடைகின்றனர்.

ஊதிய அமைப்பு: அரச வைத்தியசாலைகளில் அடிப்படைச் சம்பளம் நாடு முழுவதற்கும் ஒன்றே. வன்னியிலுள்ள கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா என்பதற்காக அது கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. துறை பார்த்தும் மாறுவதில்லை. கையில் வரும் தொகையைத் தீர்மானிப்பவை சேவைக்காலமும் கொடுப்பனவுகளும் மேலதிகக் கடமையுமே. வைத்தியர்களுக்கான டி.ஏ.டி. (இடையூறு, கிடைப்புநிலை, போக்குவரத்து) கொடுப்பனவு 2024 ஜனவரியில் 35,000 ரூபாவிலிருந்து 70,000 ரூபாவாக உயர்ந்தது. ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள் உள்ளிட்டோர் தமக்கும் 35,000 ரூபா கொடுப்பனவு கேட்டு வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2025 வரவுசெலவுத் திட்டம் அரச ஊழியரின் குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளத்தை 24,250 ரூபாவிலிருந்து 40,000 ரூபாவாகப் படிப்படியாக உயர்த்தத் தீர்மானித்தது.

இடத்தின் தாக்கம்: உண்மையான வேறுபாடு தனியார் வருமானத்திலேயே உண்டு. கடமை நேரத்துக்குப் புறம்பாகத் தனியார் சேவைக்கு அனுமதி உண்டு. ஆனால் கொழும்பிலுள்ளவை போன்ற பெரிய தனியார் ஆய்வுகூடங்கள் வன்னியில் குறைவு. கண்ணாடித் தகட்டில் குருதியை மெல்லிய படலமாக இழுத்து, சாயமேற்றி, நுணுக்குக்காட்டியில் செல்களைப் பார்த்து எழுதும் அறிக்கைக்குக் கட்டணம் செலுத்துவோர் நகரத்திலேயே அதிகம்.

வெளிநாட்டு ஈர்ப்பு: 2022 பொருளாதார நெருக்கடியில் ரூபாவின் மதிப்புச் சரிந்ததும் பல வைத்தியர்கள் நாட்டைவிட்டு வெளியேறினர். இதனால் ஏற்படும் ஆளணிப் பற்றாக்குறை தொலைதூர வைத்தியசாலைகளையே முதலில் பாதிக்கிறது.